விருந்தாளிக்குக் குரல் கிடைத்தது

நான் ஒலிப்பதிவு செய்த 'விண்கரை' டி.வி. தொடரில் வரும் விருந்தாளியை யாரும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்பவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போடி பஸ் நிலையத்தில் ஒருவர் அது தென்னை மர உயரம் என்றார். என் மனைவியின் சித்தி மகள் அதற்கு நீலக் கண்கள் என்று அடித்துச் சொல்வாள். தேனியில் பல் பிடுங்கப் போன இடத்தில் மருத்துவர் என் வாயைத் திறக்க வைத்துக்கொண்டே, சின்ன வயதில் அந்த உருவத்தைப் பார்த்துப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டதை விவரித்தார். வாய் திறந்திருந்ததால், "அதை நாங்கள் காட்டவே இல்லையே, டாக்டர்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சென்ற மாதம் சென்னையிலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் ஒலிப்பதிவுத் துறையில் வேலை பார்ப்பவர்கள். அந்தத் தொடரைப் புதிதாக எடுக்கப் போகிறார்களாம். விருந்தாளியின் குரலைக் கணினியில் உருவாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். கேட்டேன். நன்றாகவே இருந்தது. அந்த வசதி அன்று எனக்கு இருந்திருந்தால் நானும் பயன்படுத்தியிருப்பேன்; அதில் எனக்கு வீம்பு கிடையாது. அவர்களில் மூத்தவள், "கிட்டத்தட்ட வந்திருச்சு சார். ஆனா என்னமோ ஒண்ணு குறையுது. நீங்க எப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சொன்னதை எழுதித் தரச் சொன்னார்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போடியில் எங்களுக்கு மாந்தோப்பு. ஒலிப்பொறியியல் படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்றதும் அப்பா, "பாட்டுக் கேக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்றார். படித்து முடித்துப் பல வருடங்கள் ஒரு டப்பிங் தியேட்டரில் உதவியாளன். திரையில் கதாநாயகன் நடந்தால், அவன் காலடிச் சத்தத்துக்காக நான் சரளைக்கல்லில் நடப்பேன். வில்லன் கதவைச் சாத்தினால் நான் சாத்துவேன். எத்தனையோ படங்களில் மழை பெய்தது என் கையால்தான்.

'விண்கரை'யை இயக்கிய நளினி மேடத்தை நான் முதலில் பார்த்தது அந்தத் தியேட்டரில்தான். அப்போது அவர் விவசாயிகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகள் எடுத்துக்கொண்டிருந்தார். புழு ஒன்று இலையைத் தின்னும் காட்சியை ஓடவிட்டு, "இது தின்கிற சத்தம் எனக்குக் கேட்கணும், சேகர். இசை வேண்டாம்" என்றார். அப்பளத்தை ஈரத்துணியில் சுற்றி மெதுவாக நொறுக்கி அந்தச் சத்தத்தைப் பிடித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், "இன்னும் கொஞ்சம் சின்ன வாய்" என்றார். அப்பளத்தை விட்டுவிட்டு வெங்காயச் சருகுக்கு மாறினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் செய்த எந்த வேலைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.

தனியார் தொலைக்காட்சிகள் வந்த புதிது. ஒருநாள் மேடம் என்னைத் தேடி வந்து, "வேற உலகத்திலிருந்து ஒருத்தர் வழிதவறி நம்ம மலையில இறங்கிடுறார். மழையளவு எடுக்கிற நிலையத்துல வேலை பார்க்கிற ஒரு பொண்ணுக்கு மட்டும் அது தெரியுது. வாரா வாரம் வர்ற தொடர். செய்யலாமா?" என்று கேட்டார். ஒளிப்பதிவாளரைப் பிடிப்பதற்கு முன்னால் ஒலிப்பதிவாளரைப் பிடித்த இயக்குநர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நான் தலையாட்டிவிட்டு, எந்த மலை என்று கேட்டேன். "இன்னும் தெரியாது. பூமி மாதிரியும் இருக்கணும், பூமி மாதிரி இல்லாமலும் இருக்கணும்."

எனக்கு உடனே எங்கள் மலை நினைவுக்கு வந்தது. ஆளை மறைக்கும் உயரத்தில் ஏலச்செடி. அதற்கு மேலே வெயிலை உள்ளே விடாத மரங்கள். பிற்பகலானால் தோட்டத்துக்காரர்கள் மஞ்சு என்று சொல்லும் மூடுபனி இறங்கி, பக்கத்தில் நிற்பவன்கூடத் தெரியமாட்டான். போடிமெட்டுக்குப் பக்கத்தில் என் தாய்மாமன் கோவிந்தராசுக்குத் தோட்டம் இருந்தது. தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரும் உண்டு. ஜன்னல் குறைந்த நீண்ட கட்டடம். உள்ளே இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் கம்பிவலைத் தட்டுகள். வெளியே அடுப்பு எரிய, அந்தச் சூட்டை அறை முழுக்கக் கொண்டுபோக ஆள் நுழையும் அகலத்தில் தரையோடு ஓடும் இரும்புக் குழாய். வேற்றுலக வாகனத்தின் உட்புறத்தைச் செய்ய ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.

மாமாவுக்குப் போன் செய்தேன். "என்ன மாப்ளே, ராக்கெட்டு விடுறதுக்கா என் ஸ்டோரு?" என்றார். பிறகு, "காய் எடுப்பு முடிஞ்சு மாசியில வாங்க. ஸ்டோரு சும்மாதான் கெடக்கும்" என்றும் சொன்னார்.

தொலைக்காட்சி நிறுவனத்தில் எங்களைப் பார்த்தவர் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் தாமோதரன். கெட்ட மனிதர் இல்லை. கதையை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "மேடம், விருந்தாளி எல்லாம் சரி. கடைசியில அது மலையில இருக்கிற ஆத்தான்னு வச்சுக்கலாமா? அறிவியலை ஞாயித்துக்கிழமை காலையில போடலாம். ராத்திரி நேரத்துக்குச் சாமி வேணும், இல்ல பேய் வேணும்" என்றார்.

மேடம், "முதல் பகுதியை மட்டும் எடுத்துக் காட்டுறேன். பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். அவரும் ஒத்துக்கொண்டார்.

மேடம் வேலை வாங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காட்சி எடுப்பதற்கு முன்பும், அங்கே நிற்பவர்களில் யாரையாவது ஒருவரைக் கூப்பிட்டு, "இந்தக் காட்சியில என்ன நடக்குது?" என்று கேட்பார். சில நாள் நடிகர், சில நாள் ஒளிப்பதிவாளர், சில நாள் ஜீப் டிரைவர். கேட்கப்பட்டவர் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். தடுமாறினால் மேடம் கோபப்பட மாட்டார். "அப்போ எனக்கும் இன்னும் தெரியலை" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிடுவார். நாங்கள் குடித்துவிட்டு வருவதற்குள் காட்சி மாறியிருக்கும். முதல் சில நாட்கள் இது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, நம்மைக் கேட்டுவிடப் போகிறாரே என்று எல்லோரும் கதையை யோசிக்க ஆரம்பித்தோம். உணவு சமைத்துக் கொண்டுவருபவர் ஒருநாள் என்னிடம், "சார், அந்தப் பொண்ணு ஏன் மேலதிகாரிகிட்டச் சொல்ல மாட்டேங்குது?" என்று கேட்டார். அதுவரை எங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. மேடத்திடம் சொன்னேன். மறுநாள் அதற்கு ஒரு காட்சி எழுதினார்.

விருந்தாளியாக நடிக்க வந்தவர் வேலுச்சாமி அண்ணன். கம்பம் பக்கத்து ஊர்க்காரர், நாடக நடிகர். கதவில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். திருவிழா நாடகங்களில் எமனாக வருவார். அவர் மேடையில் சிரித்தால் ஒலிபெருக்கி தேவைப்படாது என்பார்கள். டி.வி.யில் நடிக்கப் போகிறோம் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவருக்காகக் கலைக்குழு சென்னையில் ஒரு உடை செய்து அனுப்பியிருந்தது. ரப்பர், பஞ்சு, மேலே வெள்ளிப் பூச்சு. தலைக்கு ஒரு கூடு, மூச்சுவிட இரண்டு சின்னத் துளைகள். அதற்குள் போனால் பனியிலும் வியர்த்துக் கொட்டும். அண்ணன் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. கழற்றும்போது உள்சட்டையைப் பிழிந்துவிட்டு, "அடுத்து எப்ப மேடம்?" என்பார். உடைக்குள் நான் ஒரு சின்ன மைக்கை வைத்திருந்தேன். "நான் விண்மீன்களுக்கு அப்பாலிருந்து வருகிறேன்" என்ற வசனத்தைப் பதிவுசெய்வதற்காக. வசனம் தெளிவாகவே கிடைத்தது. வசனம் இல்லாத நேரத்திலும் நாடா ஓடிக்கொண்டிருந்ததால், கூட்டுக்குள் அவர் மூச்சுக்குத் திணறியதும் பதிவாகியிருந்தது. படத்தொகுப்பின்போது, பனியில் கதாநாயகி தனியாக நடக்கும் இடம் வெறுமையாக இருந்தது. வேறு எதுவும் கையில் இல்லாததால் அந்த மூச்சில் கொஞ்சம் எடுத்து அங்கே வைத்தேன்.

முதல் பகுதி தயாரானதும் தாமோதரன், "சென்னையில உட்கார்ந்து நாம பார்த்து என்ன ஆகப்போகுது? நீங்க எடுத்த ஊர்க்காரங்களுக்கே போட்டுக் காட்டுங்க. நானும் வர்றேன்" என்றார். பார்த்தால் நியாயமான பேச்சு. போடியில் மாமாவின் காய் தரம் பிரிக்கும் கூடத்தில் ஏற்பாடு செய்தோம். அங்கே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முன்னால் குவித்திருக்கும் ஏலக்காயைப் பருமன் பார்த்து, நிறம் பார்த்துத் தகரத் தட்டுகளில் பிரித்துப் போடுவார்கள். "சோலிய நிப்பாட்ட முடியாது மாப்ளே. பாத்துக்கிட்டே பிரிக்கட்டும்" என்றார் மாமா. முன்னால் டி.வி.யை வைத்து, அதன் இரண்டு பக்கமும் நான் கொண்டுவந்த ஒலிபெருக்கிகளை வைத்தேன். வேலுச்சாமி அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றார்.

படம் ஓடியது. பெண்கள் பார்த்துக்கொண்டே பிரித்தார்கள். தட்டில் காய் விழும் சத்தம் தூறல்போல் கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கதாநாயகி பனிக்குள் நடந்தாள். என் ஒலிபெருக்கியிலிருந்து அந்த மூச்சு வந்தது.

தூறல் நின்றுவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கைகளும் அப்படியே நின்றிருந்தன. ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் முழங்கையைப் பிடித்திருந்தாள். தொழிலில் நான் பிடித்த சத்தங்களையெல்லாம்விட, அன்று அந்தக் கூடத்தில் கேட்ட அமைதி எனக்குப் பெரிது.

அடுத்த காட்சியில் பனிக்குள்ளிருந்து விருந்தாளி வெளியே வந்தார். வெள்ளி உடையோடு இரண்டு அடி நடந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு பெண், "ஏ, இங்க பாருங்கடி! நம்ம சூப்ரவைசரு மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு வர்றாரு!" என்றாள். கூடம் அதிர்ந்தது. விருந்தாளி, "நான் விண்மீன்களுக்கு அப்பாலிருந்து வருகிறேன்" என்றதும், சிரிப்பு அடங்க முடியாமல் ஒருத்தி தட்டையே கவிழ்த்துவிட்டாள். மீதிப் படத்தை யாரும் பார்க்கவில்லை. சுவரோரம் பார்த்தேன். வேலுச்சாமி அண்ணன் அங்கே இல்லை.

தாமோதரன் எழுந்து வந்து, இரக்கத்தோடுதான் பேசினார். "நான் அன்னைக்கே சொன்னேன் மேடம். ஆத்தாவா மாத்திட்டா இதே படத்தை நான் எடுத்துக்கிறேன். இல்லேன்னா இத்தோட விட்டுருவோம்."

"எனக்குப் பத்து நாள் கொடுங்க" என்றார் மேடம். "அதுக்குள்ள வேற ஒண்ணு காட்டுறேன். பிடிக்கலேன்னா நானே விட்டுடுறேன்."

அவர் போனதும் மேடம் என் பக்கம் திரும்பினார். படம் ஓடும்போது திரையைப் பார்க்காமல் பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "எங்கே கை நின்னுச்சு, கவனிச்சீங்களா?" என்றார்.

"கேட்டேன் மேடம்."

"அது என்ன சத்தம்?"

"வேலுச்சாமி அண்ணனோட மூச்சு."

"அப்போ உருவம் வேண்டாம். மொத்தத் தொடரிலும் வேண்டாம்" என்றார். உடனே எழுந்து, "வாங்க, அவரைத் தேடுவோம்" என்றார். இதைச் சொல்ல உதவி இயக்குநரை அனுப்பியிருக்கலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கூடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார் அண்ணன். முன்னால் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மேடம் அவரை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நான் எமன் வேசம் கட்டி வந்தா முன்னால இருக்கிறவுக பின்னால நகருவாக மேடம்" என்றார் அண்ணன். "இத்தன வருசத்துல என்னயப் பாத்து ஒருத்தரும் சிரிச்சதில்ல."

"உங்களைப் பார்த்துச் சிரிக்கலை. நான் போட்டுவிட்ட சட்டையைப் பார்த்துச் சிரிச்சாங்க."

"சட்டைக்குள்ள இருந்தது நாந்தான?"

நான் குறுக்கிட்டேன். "அண்ணே, நீங்க வெளிய வர்றதுக்கு முன்னாடி அத்தன பேரு கையும் நின்னு போச்சு. பாத்தீகளா? அது உங்க மூச்சுக்குத்தான்."

அவர் என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது. "எம் மூஞ்சியத் தூக்கிப் போட்டுட்டு, மூச்ச மட்டும் வச்சுக்கிறேங்கிறீக."

"ஆமா" என்றார் மேடம்.

"ஊரு பூராம் சொல்லியிருக்கேன். எம் பொண்டாட்டி அவ அண்ணன்கிட்டச் சண்ட போட்டு டி.வி. பொட்டி வாங்கி வச்சிருக்கா. என் புருசன் வரப்போறாருன்னு. அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

மேடம் சமாதானம் சொல்லவில்லை. "கஷ்டம்தான். எனக்குத் தெரியும். அந்த மூச்சு உங்களோடது. வேண்டாம்னு நீங்க சொன்னா நான் அதை வச்சுக்க மாட்டேன், வேற வழி பார்ப்பேன். நாளைக்குக் காலையில ஜீப் கிளம்பும். வந்தா வாங்க. வரலேன்னாலும் எனக்கு உங்க மேல வருத்தமே இல்லை" என்று சொல்லி எழுந்தார்.

வேறு வழி எதுவும் எங்களிடம் கிடையாது.

காலையில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனால், எங்களுக்கு முன்னாலேயே அண்ணன் வந்து நின்றார். வேட்டி, தோளில் துண்டு. "ஒரு விசயம் மேடம்" என்றார். "நான் படத்துல தெரிய வேண்டாம். ஆனா அந்தப் பொண்ணு நடிக்கிறப்ப, நான் அது முன்னால நிப்பேன். அது வெறும் மரத்தப் பாத்துக்கிட்டுப் பயந்தா பொய்யாத் தெரியும். என்னயப் பாக்கட்டும்."

மேடம் ஜீப்பின் முன்இருக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

அன்று காலையிலேயே மஞ்சு இறங்கிவிட்டது. வெளிச்சத்துக்காகத் தோட்டத்தில் காத்திருந்தோம். செடிக்கு அடியில் சருகு ஒதுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவது மட்டும் கேட்டது. "இருக்கியா?" என்று ஒரு குரல். கொஞ்சம் தள்ளி, "இருக்கேன்" என்று இன்னொரு குரல். பனியில் வழிதவறாமல் இருக்க மலையில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் என் காதில் அது விழவே இல்லை. மேடம் என் கையைத் தொட்டு, "என்ன சொல்றாங்க?" என்றார். சொன்னேன்.

"வழிதவறி வந்த ஒருத்தர் இந்த மலையில ஒளிஞ்சிருந்தா, முதல்ல எந்த வார்த்தையைக் கத்துக்குவார்?" என்று கேட்டார் மேடம். பனிக்குள்ளிருந்து மறுபடியும், "இருக்கியா?" என்று கேட்டது. விண்மீன் வசனம் அந்த இடத்திலேயே செத்தது.

அதன் பிறகு என் வேலை. ஸ்டோருக்குள் போனோம். அண்ணன் முதலில் மேடையில் சொல்வதுபோல் "இருக்கியா!" என்றார். கூரைத் தகடு அதிர்ந்தது. அது எமன். மெதுவாகச் சொல்லச் சொன்னேன். அது திருடன். நாடாவை வேகம் குறைத்து ஓட்டினேன். மாட்டுக்குக் காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது. மதியம்வரை ஒன்றும் சரிப்படவில்லை.

சாப்பிடும்போதுதான் யோசித்தேன். மனிதர்கள் எல்லோரும் மூச்சை வெளியே விடும்போது பேசுகிறோம். பெண்களின் கையை நிறுத்திய அந்த மூச்சு, அவர் காற்றுக்குத் தவித்து உள்ளே இழுத்த மூச்சு. "அண்ணே, மூச்ச உள்ள இழுத்துக்கிட்டே சொல்லுங்க" என்றேன். முயன்றார். இருமல்தான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றார். மாலைக்குள் வார்த்தை வந்துவிட்டது. எமனும் இல்லை, திருடனும் இல்லை. ஆனால் மிகச் சின்னதாக இருந்தது, பக்கத்தில் ஒருவன் விக்கியதுபோல.

மறுநாள் அடுப்புச் சூட்டைக் கொண்டுபோகும் அந்த இரும்புக் குழாயைப் பயன்படுத்தினேன். மாமா ஆள்விட்டுக் கரியைத் துடைத்துக் கொடுத்தார். ஸ்டோரின் ஒரு மூலையில் குழாயின் மூடியைக் கழற்றி, கரி பறக்காமல் அதன்மேல் ஈரத்துணி கட்டி, அண்ணனை அதற்கு முகம் கொடுத்துத் தரையில் குப்புறப் படுக்கவைத்தேன். மறுமூலையில் குழாயின் வாய்க்குள் மைக்கை நூலில் தொங்கவிட்டேன். இரும்பில் பட்டால் மணியடித்ததுபோல் கேட்கும். அதனால் தொங்கும் மைக் ஆடி நிற்கும்வரை யாரும் நடக்கக்கூடாது. வளைவில் ஏறும் பஸ்ஸின் ஹாரன் ஓயும்வரை காத்திருப்போம். ஒரு பறவை கத்தும். அது முடியும்வரை காத்திருப்போம். அண்ணன் இழுக்கும் மூச்சு குழாய் முழுவதும் சுற்றி என் ஹெட்போனுக்கு வந்தபோது, மலையே மூச்சை உள்ளே இழுப்பதுபோல் இருந்தது. துணியை மீறிக் கரி அவர் முகமெல்லாம் அப்பியிருந்தது. எழுந்து உட்கார்ந்து, கேட்டுவிட்டு, "இது ஆரு, நானா?" என்றார்.

மேடம் இன்னும் தலையாட்டவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இந்தக் காட்சியில என்ன நடக்குது, வேலுச்சாமி?" என்று கேட்டார்.

அண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "வழி தெரியாம வந்துட்டான் மேடம். எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் கூப்புடுறாக, அவனைக் கூப்புட ஆளு இல்ல. அதான், நம்மளே கூப்புட்டுப் பாப்போம்னு கூப்புடுறான். பதிலு வராதுன்னுதான் நெனைக்கிறான்."

"எடுத்துக்கலாம்" என்றார் மேடம்.

மறுபடி படுத்தார். அந்த முறை, "இருக்கி" என்பது வரைக்கும் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துவிட்டார். கடைசி எழுத்துக்கு உள்ளே இடமில்லை. "யா" என்ற இடத்தில் குரல் உடைந்தது. தொடரில் நீங்கள் கேட்டது அதைத்தான். சென்னையிலிருந்து வந்த அந்த இரண்டு பெண்களின் கணினிக் குரலில் குறைந்ததும் அந்த உடைசல்தான் என்று அவர்களிடம் சொன்னேன்.

பிற்பகலில் கதாநாயகியாக நடித்த தேன்மொழியின் காட்சியை எடுத்தோம். மதுரையில் கல்லூரி நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த பெண். காமிராவுக்குப் பின்னால் அண்ணன் வேட்டியோடும் கரி போகாத முகத்தோடும் நின்று, மூச்சை உள்ளிழுத்து அந்த வார்த்தையைச் சொன்னார். தேன்மொழி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இருக்கேன்" என்றாள். காட்சியில் அவள் அழ வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். மேடம் அதை ஒரே தடவையில் எடுத்து முடித்தார். அவர் ஒரே தடவையில் திருப்தியடைந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

சென்னையில் தாமோதரனுக்குப் போட்டுக் காட்டினோம். அவர் அறையில் நானும் இருந்தேன். படம் முடிந்தது. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார், வைத்தார். பிறகு, "அடுத்து என்ன ஆகுது?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம் பாருங்க" என்றார் மேடம். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது மிகக் குறைவு.

தாமோதரன் சிரித்துவிட்டார். "அப்போ ஆத்தா...?"

"இல்லை."

"சரி விடுங்க" என்றார். இரவு நேரத்தையே கொடுத்தார்.

தொடரின் தொடக்கத்தில் பெயர்கள் வரும் இடத்தில் மேடம் ஒரு காரியம் செய்தார். வெறும் பனி. அதில் முதல் பெயராக, கதாநாயகிக்கும் முன்னால், 'விருந்தாளி: வேலுச்சாமி' என்று வரும். ஒளிபரப்பான மறுநாள் அண்ணன் கம்பத்திலிருந்து போன் செய்தார். "எம் பொண்டாட்டி திட்டிக்கிட்டே உக்காந்திருந்தா சேகரு. பேரு வந்துச்சு. எந்திரிச்சுப் பக்கத்து வீட்டுக்காரியக் கூட்டியாந்துட்டா. அப்புறம் அந்தச் சத்தம் வந்துச்சு. 'ஏங்க, இது நீங்களா?'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா."

ஓராண்டுக்கு மேல் ஓடியது 'விண்கரை'. நான் அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள் செய்தேன்; விருதுகூட ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆனால் தொழிலில் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது வேறு ஒன்று.

தொடர் ஒளிபரப்பாகிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். அடுத்த பகுதிகளை எடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் வண்டி பழுதாகிவிட்டதால், தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் ஜீப்பில் நானும் வேலுச்சாமி அண்ணனும் தொற்றிக்கொண்டோம். உள்ளே இடம் இல்லை. பின்பக்கப் படியில் நின்றபடி பயணம். பெண்களுக்கு அவர் யார் என்று தெரியாது. யாரோ நெட்டையான ஆள், அவ்வளவுதான். அவர்கள் பாட்டுக்குத் தொடரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை அதை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டியதுதானே என்று ஒருத்தி. எப்படிடி கூட்டிப்போவா, அதுக்கு என்ன சோறு போடுவா என்று இன்னொருத்தி.

மேலே ஒரு கொண்டைஊசி வளைவில் மஞ்சு மொத்தமாக இறங்கியது. டிரைவர் விளக்கைப் போட்டு, வண்டியை ஊர விட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து, பள்ளத்தைப் பார்த்து, நெஞ்சு நிறையக் காற்றை உள்ளே இழுத்தார்.

"இருக்கியா?"

ஜீப் நின்றுவிட்டது. பிறகு முன்பக்கத்தில் இருந்த வயதான பெண் ஒருத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல், பனியைப் பார்த்தே கத்தினாள்: "இருக்கோம்யா! நீ வெரசா வந்து சேரு!" ஜீப் முழுக்க அதை வாங்கிச் சொன்னது. "இருக்கோம்! இருக்கோம்!"

எங்களுக்குப் பின்னால் இன்னொரு ஜீப் வந்துகொண்டிருந்திருக்கிறது. பனியில் அது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குள் எத்தனை பேர் இருந்தார்களோ, கீழ் வளைவிலிருந்து அத்தனை பேரின் குரலும் சேர்ந்து மேலே ஏறி வந்தது.

"நாங்களும் இருக்கோம்!"